தொட்டி முக்குச் சத்தம்

ஆருங்க? ஓ, தம்பி, நீங்களா. நான் பாருங்க, கையில மாவோட ஓடியாந்துட்டேன். வாங்க, உள்ள வாங்க. பயமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சன்னல் வழியா வெள்ளையா ஒரு வண்டி வந்து நிக்கறது தெரிஞ்சுது. எங்க வண்டியும் வெள்ளைதான். அதான் ஓடியாந்தேன். ஒக்காருங்க, சித்தே கையக் கழுவிட்டு வந்தர்றேன்.

எதுத்த ஊட்டு மாடிக்குக் குடி வந்திருக்கறவங்கதான நீங்க? உங்க சம்சாரம் மொட்டமாடியில துணி காயப்போடறப்பப் பாத்தேன். என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. வண்டி நிறுத்தறதுக்கு எடம் கேக்கறீங்களா. போர்ட்டிகோ சும்மாத்தான் கெடக்குதுன்னு மளிகைக் கடையில சொன்னாங்களாக்கும். சும்மாத்தான் கெடக்குது. யாரு இல்லைன்னா. ஆனா இது ஒடனே ஆகும், ஆகாதுன்னு சொல்ற விசயம் இல்லீங்க தம்பி. காப்பி போடறேன், குடிங்க. சொல்றேன்.

உங்க வண்டி பேட்டரி வண்டிங்களா? அதான் பாத்தேன். பூனையாட்டம் வந்து நிக்குது. இனிமே வர்றதெல்லாம் அப்படித்தானாமே. எனக்கு அதக் கண்டா ஆகறதில்லைங்க, நீங்க கோவிச்சுக்காதீங்க. ஒரு மனுசன் ஊட்டுக்கு வர்றான்னா வர்றது தெரியோணும். தெரியாம வந்தா என்ன ஆகும்ங்கறத என்கிட்டக் கேளுங்க.

என்ற ஊட்டுக்காரரு வண்டிச் சத்தம் உங்களுக்குத் தெரியாது, நீங்க புதுசு. இந்தச் சிங்காநல்லூருல எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. அந்தக் கோடியில தண்ணித் தொட்டி இருக்குதுல்ல, அந்த முக்குல திரும்பறப்ப கியரக் கொறைப்பாரு. அப்ப அது ஒரு கனைப்புக் கனைக்கும். பொறவு படபடபடன்னு தெரு பூராம் அடிச்சுட்டே வரும். நாயெல்லாம் எந்திரிச்சு வழி விடும். மூணாவது ஊட்டு டீச்சரு, புள்ளைக படிக்கறதா வேண்டாமான்னு கேட்டுச் சண்டைக்கே வந்துட்டாங்க.

அவரு மில்லுல ஃபிட்டரா இருந்தவருங்க. மில்லு மூடுன பொறவு ஒரு பம்புக் கம்பெனியில ஸ்டோர் பாத்துட்டு இருந்தாரு. சின்ன வயசுல இருந்து ரேசு வண்டின்னா உசுரு. எங்க ரேசு நடந்தாலும் வேலியோரமா நின்னு பாத்துட்டு வருவாராம். ஓட்டறதுக்கு நமக்கு ஏதுங்க வசதி. வயசான காலத்துல பழைய காரு ஒண்ணு வாங்குனாரு. வாங்குன கொஞ்ச நாள்லயே அதுல இருந்த சைலன்சரு துருப்புடிச்சு உளுந்து போச்சு. அதே மாதிரி கம்பெனி சைலன்சரு வாங்கி மாட்டியிருந்தா சோலி முடிஞ்சுது. இவரு என்ன பண்ணுனாரு, ரேசு வண்டிக்குப் போடற வெளி சைலன்சரு ஒண்ண எங்கியோ புடிச்சுட்டு வந்தாரு. பளபளன்னு எவர்சில்வரு கொடமாட்டம் இருந்துச்சு. தொடச்சுத் தொடச்சு வெச்சாரு. புதுசாக் கொழந்த பொறந்த ஊடாட்டம் இருந்துச்சுங்க அன்னைக்கு. எங்களுக்குப் புள்ள குட்டி இல்லைங்க.

அதுல ஒரு கொறை. வண்டியில இருக்கற கொழாய் ஒரு அளவு, இவரு கொண்டாந்தது ஒரு அளவு. ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு ஜாயின்ட்டு. அந்த ஜாயின்ட்டு ஒரு நாளும் ஒழுங்கா ஒக்காரலைங்க. ரெண்டு பக்கமும் தட்டு வெச்சு, நடுவுல கேஸ்கெட்டு வெச்சு, நட்டுப் போட்டு இறுக்குவாரு. கொஞ்ச நாளைக்கு நிக்கும். பொறவு கேஸ்கெட்டு எரிஞ்சு போயி, அந்தச் சந்துல பொக பீச்சியடிக்கும். மறுபடியும் படபடபட. அடியில படுத்துப் பாத்தா அந்த எடமே கரியாக் கெடக்கும். கடையில குடுத்துச் செரி பண்ணீருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. டீச்சரு சண்டை போட்ட அன்னைக்கு அவரே, நாளைக்குக் கொண்டு போயி குடுத்தர்றேன்னு சொன்னாரு. மொகம் அப்படியே சுருங்கிப் போச்சு. எனக்குப் பாவமாப் போச்சுங்க. நான்தான் சொன்னேன். கெடக்கட்டும்ங்க, அந்தச் சத்தத்துலதான் நீங்க வர்றது எனக்குத் தெரியுதுன்னு.

அதச் சொன்னதுல அவருக்கு அப்படி ஒரு சந்தோசம். கம்பெனியில, டீக்கடையில, ஒறம்பர ஊட்டுல, எங்க போனாலும் இதே பேச்சு. என்ற சம்சாரம் தொட்டி முக்குல சத்தம் கேட்டாப் போதும், கேட்டத் தெறந்து வெச்சுருவா, நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள தோச தட்டுல இருக்கும்னு. உள்ளதுதாங்க. சத்தம் கேட்டதும் டிவிய அமத்துவேன். கேட்டத் தெறப்பேன். கல்லுல மாவ ஊத்துவேன். அவரு வண்டிய உள்ள உட்டு, கையக் கால அலம்பிட்டு வந்து ஒக்காரவும் தோச முறுகவும் செரியா இருக்கும். ஆறுன தோசய அந்த மனுசனுக்கு நான் போட்டதே இல்லைங்க. அந்தப் பேரு எனக்கு உண்டு.

இருங்க. ஒரு வண்டி வருது.

இல்ல, கேஸ் வண்டி. நீங்க காப்பியக் குடிங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமாங்க, பொக. ஞாயித்துக்கெழம ஆனா வண்டியில எங்கியாவது கூட்டிட்டுப் போவாரு. ஆழியாறு, திருமூர்த்தி மலை, சும்மா பொள்ளாச்சி ரோட்டுல எளநி குடிக்கறதுக்கு. அந்த ஜாயின்ட்டு இருக்குதே, அது செரியா நான் ஒக்கார்ற எடது பக்க சீட்டுக்குக் கீழ. பொக பூராம் உள்ள வரும். கண்ணாடிய எறக்கி உட்டுட்டுத்தான் ஒக்காருவேன். தல பூராம் கலஞ்சு பேயாட்டம் ஆயிரும். திரும்பி வர்றதுக்குள்ள தலவலி மண்டையப் பொளக்கும். அதுக்குன்னு ஒரு தைல டப்பா வண்டியிலயே, முன்னால கண்ணாடிக்குக் கீழ வெச்சிருப்பேன். நாத்தம் அடிக்குதா அம்மிணின்னு கேப்பாரு. அதெல்லாம் இல்லீங்க, வெயிலுக்கு வலிக்குதுன்னுருவேன். ஒரு நாளு நான் வாயத் தெறந்து கொற சொன்னதில்ல. அவரு அந்தக் கொழாய் மேல அத்தன ஆச வெச்சிருக்காரு, அதப் போயி எப்படிங்க சொல்றது? சொல்லவே இல்ல. அதுல எனக்கு ஒரு பெருமைதான்னு வெச்சுக்குங்களேன்.

சொல்லாமயே கண்டுபுடிச்சுட்டாரு. தைலம் சீக்கிரம் சீக்கிரமாத் தீந்து போறதப் பாத்திருப்பாருபோல.

இந்த எடத்துலதான் கதைக்குள்ள அந்த ஜாபரு வர்றான். பைபாசுல சைலன்சரு கடை வெச்சிருக்கானே, அந்தப் பையன். பையன் என்ன, அவனுக்கும் கல்யாணமாயிப் புள்ளைக இருக்குது. அவன்தான் தம்பி என்ற குடும்பத்தக் கெடுத்தான். நான் யாருகிட்டயும் மறைக்கறதில்ல. அவன் மட்டும் அன்னைக்கு அந்த ஜாயின்ட்ட அடைக்காம இருந்திருந்தா என்ற ஊட்டுக்காரரு இன்னைக்கு இந்தச் சேருலதான் ஒக்காந்திருப்பாரு. நீங்க ஒக்காந்திருக்கறது அவரு சேருதான். பரவால்ல, ஒக்காருங்க. எந்திரிக்காதீங்க.

அன்னைக்குக் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புனாரு. கம்பெனிக்குப் போகல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம லீவு போட்டுட்டு நேரா ஜாபரு கடைக்குப் போயிருக்காரு. அவன் வண்டியத் தூக்கி, அந்த ஜாயின்ட்டப் பூராம் அறுத்து எடுத்துப்போட்டு, ரெண்டு அளவும் ஒத்து வர்ற மாதிரி நடுவுல ஒரு துண்டுக் கொழாய் செஞ்சு, புதுத் தட்டு, புதுக் கேஸ்கெட்டு வெச்சு வெல்டு வெச்சிருக்கான். இதெல்லாம் பொறவு அவனே என்கிட்டச் சொன்னது. கடைசியா, பொக போற வாயில துணிய அமுக்கிப் புடிச்சுட்டு ஜாயின்ட்டுல காத்துக் கசியுதான்னு கேட்டுப் பாப்பாங்களாம். துணிய இவருதான் புடிச்சாராம், கை சுட்டுரும்ங்கன்னு ஜாபரு சொன்னாலும் உடலையாம். அப்படியும் மனசு ஆறாம, வண்டிய ஓட உட்டுட்டு எடது பக்க சீட்டுல ஏறி ஒக்காந்து, கண்ணாடியெல்லாம் ஏத்தி உட்டுட்டு, மோந்து மோந்து பாத்தாராம். பொறவு ஜாபரையும் ஒக்கார வெச்சு, உனக்கு அடிக்குதா, நல்லாப் பாரு, உனக்கு அடிக்குதான்னு கேட்டாராம். கிறுக்குப் புடிச்ச மனுசன்.

இருங்க, கண்ணுல ஏதோ உளுந்துருச்சு.

செரி. அந்த நேரத்துல நான் இங்க, இந்தச் சன்னலோரம், போன்ல எங்க அக்காகூடப் பேசிட்டிருந்தேன். சாந்தாமணின்னு பேரு, திருப்பூருல இருக்கறா. மாமா தவறி அப்பத்தான் வருசம் திரும்பியிருந்துச்சு. மவன் மருமவளெல்லாம் அவங்கவங்க சோலிக்குப் போயிருவாங்க, இவ ஒத்தையிலயே ஒக்காந்திருப்பா. தெனமும் போன் பண்ணுவா. உங்களுக்கு இது தெரியுமோ என்னமோ, எங்க பக்கத்துல ஒரு வழக்கம் இருக்குதுங்க. பூவும் பொட்டும் இழந்தவகிட்ட நம்ம ஊட்டுக்காரரப் பத்திப் பெருமையாப் பேசக் கூடாது. எங்கள ஆரும் ஒக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கல, பொம்பளைங்களுக்கு அதுவா வந்துரும். அவ மனசு வெசனப்படும்ல? அதனால நம்மளது ஒண்ணுமே இல்லைங்கற மாதிரிப் பேசுவோம். எனக்கு மட்டும் என்ன வாழுது, தொல்லைதான்னு சொல்லுவோம். கேக்கறவளுக்குச் சித்தே ஆறுதலா இருக்கும். எல்லாரும் பேசறதுதான். பேசி முடிச்சு ஃபோன வெச்சா அதோட போச்சு.

அப்படித்தான் அன்னைக்கும் பேசிட்டிருந்தேன். என்னங்க பெருசாச் சொல்லிட்டேன்? சும்மா பேசிட்டிருந்தேன்.

அவரு வந்திருக்காரு. சத்தமில்லாம. ஜாபரு அடைச்ச ஜாயின்ட்டு அப்படி. தொட்டி முக்குல கனைப்பு இல்ல, படபடப்பு இல்ல, ஒண்ணுமே இல்ல. என்னைய மலைக்க வெக்கோணும்னு நெனச்சிருப்பாரு. வண்டியத் தெருவுலயே நிறுத்திப்போட்டு, கேட்டச் சத்தமில்லாமத் தெறந்து, மெதுவா வந்து, இந்தா, இந்தச் சன்னலுக்கு வெளிய நின்னிருக்காரு.

எவ்வளவு நேரம் நின்னாருன்னு எனக்குத் தெரியாது. திரும்பிப் போனதும் தெரியாது. வண்டிய எடுத்தது தெரியாது. என்ற காதுக்கு ஒண்ணுமே வரலைங்க. நான் பாட்டுக்குப் பேசி முடிச்சேன், டிவி பாத்தேன். அவரு வர்ற நேரமாச்சுன்னு கல்ல வெச்சேன். கல்லு காஞ்சு பொகையுது, சத்தத்தக் காணோம். அமத்துனேன். மறுபடியும் பத்த வெச்சேன். மறுபடியும் அமத்துனேன். கொசு வருதுன்னு சன்னலச் சாத்த வந்தா, வெளித் திண்டுல அந்தத் தைல டப்பா உக்காந்திருக்குது.

வண்டியில இருக்க வேண்டிய டப்பாங்க அது. எனக்கு மொதல்ல புரியல. கையில எடுத்துப் பாத்தேன், காலி டப்பா. இனிமே இது உனக்கு வேண்டாம் அம்மிணின்னு சொல்லிக் குடுக்க எடுத்துட்டு வந்திருக்காரு. பொறவுதான், இந்தத் திண்டுக்கும் நான் ஒக்காந்து பேசுன சேருக்கும் எத்தன தூரம்னு பாத்தேன். கை நீட்டுனா எட்டற தூரம்ங்க.

போன் பண்ணுனேன். எடுத்தாரு. உடுமலையில தம்பி ஊட்டுல இருக்கேன், தோப்புல தேங்கா போடறாங்க, கூட ஆளில்ல, கொஞ்ச நாளு இருந்துட்டு வர்றேன்னாரு. ஏனுங்க சொல்லாமப் போனீங்கன்னு கேட்டேன். சாப்புட்டயான்னாரு. என்மேல கோவமான்னு கேட்டேன். அப்பச் சொன்னாரு.

"சத்தமில்லாம வந்தது என்ற தப்புதான் அம்மிணி."

பாத்தீங்களா? அவரு வாயாலயே சொல்லீட்டாரு. சத்தமில்லாததுதான் தப்புன்னு. நான் பேசுனது தப்புன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லலீங்க. அப்ப அந்தச் சத்தத்த எடுத்தவன் யாரு? ஜாபரு. அடுத்த நாளே போயிட்டேன் அவன் கடைக்கு. நல்லாக் கேட்டேன். எதுக்கு அடைச்ச, யாரக் கேட்டு அடைச்ச, அவரு கொண்டாந்தா நீ என்னைய ஒரு வார்த்தை கேக்க வேண்டாமான்னு. அவன் பாவம், வேல செஞ்சுட்டிருந்த கையோட எந்திரிச்சு நின்னுட்டான். கடையில இருந்தவங்கெல்லாம் பாக்கறாங்க. அண்ணன் வண்டியில என்னக்கா பிரச்சன, இன்னும் கசியுதான்னு கேக்கறான். கசியலடா, அதான் பிரச்சனைங்கறேன். அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. அந்த வண்டியக் கொண்டாந்தா மறுபடியும் பழையபடி பண்ணித் தருவியான்னு கேட்டேன்.

"அக்கா, ஓட்டைய அடைக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச தொழிலு. நல்லா இருக்கறதுல ஓட்ட போடச் சொல்றீங்களே" அப்படின்னான்.

டீ வாங்கிக் குடுத்து, ஆட்டோ வெச்சு அனுப்புனான். அப்பத்தான் அந்தத் துணி புடிச்சது, சீட்டுல ஒக்காந்து மோந்து பாத்தது எல்லாம் சொன்னான். ஆட்டோவுல வர்ற வழி பூராம் அழுதுட்டே வந்தேன். ஆனாலும் அவன் பண்ணுனது தப்புத்தாங்க.

என்ன பேசுனேன்னா கேக்கறீங்க? நீங்க கேக்கல. மொகத்தப் பாத்தாத் தெரியுது, கேக்க நெனக்கறீங்க. சொன்னா என்ன இப்ப. அக்கா சொன்னா, நீ குடுத்து வெச்சவடி கலாமணி, ஞாயித்துக்கெழமையானா காருல ஏத்திட்டு ஊரச் சுத்திக் காட்டறாரு, எனக்கு அந்தக் குடுப்பின இல்லையேன்னு. அழுக ஆரம்பிச்சுட்டா. அவ அழுதா எனக்குத் தாங்காது. அதுக்குத்தான் சொன்னேன். அட நீ ஒருத்தி, அதுக்குப் பேரு காரா, பொகக் கூண்டு, மனுசன் ஒக்காருவானா அதுலன்னேன். அக்கா மூக்க உறிஞ்சிட்டே சிரிச்சா. அவ சிரிக்கவும் எனக்கும் பேச்சு வந்துருச்சு. தொட்டி முக்குல அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அடிவயித்தக் கலக்குதுக்கா, பாத்துட்டிருக்கற நாடகத்த அமத்திப்போட்டு, சிரிச்ச மூஞ்சிய எடுத்து மாட்டிக்கிட்டு ஓடோணும். அந்தச் சத்தம் இருக்கறதால வேசம் கட்டறதுக்குச் சித்தே நேரம் கெடைக்குது, அதுவும் இல்லேன்னா நான் நாள் பூராம் சிரிச்சுட்டே ஒக்காந்திருக்கோணும்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரிக்கறா. வருசம் திரும்பி மொத மொறையா அவ சிரிக்கறா தம்பி. நான் அத நிறுத்துவனா?

அவ்வளவுதான் சொன்னேன்.

பேச்சுக்குச் சொன்னதுங்க. அதத்தான் அவருகிட்டயும் இன்னொரு நாளு போன்ல சொன்னேன். எல்லாம் அக்காவ ஆத்தறதுக்குச் சொன்னதுங்க, நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாதான்னேன். பொறுமையாக் கேட்டாரு. எப்பவும் அவரு பொறுமைதான். கேட்டுட்டுச் சொன்னாரு.

"செரி அம்மிணி. அதுல எது அக்காவுக்காகச் சொன்னது, எது உனக்காகச் சொன்னதுன்னு மட்டும் சொல்லு. நான் வந்தர்றேன்."

எல்லாமே அக்காவுக்குத்தான்னு சொல்லீருக்கோணும். கேட்ட ஒடனே, மூச்சு உடறதுக்குள்ள சொல்லீருக்கோணும். நான் ஒரு மாங்கா மடச்சி, யோசிச்சுட்டேன். சும்மா சித்தே நேரம். அந்தத் தலவலி ஞாபகம் வந்துருச்சு. கண்ணாடிய எறக்கிட்டு மொகத்துல காத்து அடிக்க ஒக்காந்திருந்ததெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. எல்லாமேதான்னு நான் வாயத் தெறக்கறதுக்குள்ள, செரி, நேரத்தோட சாப்புடுன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.

நானாப் போயிக் கூப்புடலாம்னு அக்காவே சொல்றா. அவளுக்கு விசயம் தெரிஞ்சு, என்னால ஆயிருச்சேன்னு பொலம்பறா. நான் போயி என்னன்னு சொல்றதுங்க? உடுமலையில அவரு தம்பி, தம்பி சம்சாரமெல்லாம் இருப்பாங்க. தப்புப் பண்ணுனவ மாதிரிப் போயி நிக்கச் சொல்றீங்களா? தப்புப் பண்ணுனது ஜாபரு.

இருங்க. இருங்க, வண்டி.

கேட்டுப் பக்கம் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்.

இல்ல. டீச்சரு ஊட்டுக்கு யாரோ. பாருங்க, இதுதான் இப்ப என்ற பொழப்பு. முன்ன எல்லாம் தெருவுல ஆயிரம் வண்டி போனாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன். அவரோடது எதுன்னு காதுக்குத் தெரியும். மத்ததெல்லாம் சத்தமே இல்லாத மாதிரி. இப்ப அவரு வண்டி எல்லா வண்டி மாதிரியும் ஆயிப்போச்சு. அதனால எல்லா வண்டியும் அவரு வண்டியா இருக்கலாம். ஒண்ணு போனாலும் எந்திரிக்க வேண்டியிருக்குது. காலு வலிக்குதுங்க தம்பி. தோச ஊத்திட்டிருந்தாக் கல்லுலயே உட்டுட்டு ஓடியாந்துருவேன், கருகிப் போயிரும். நாடகம் ஒண்ணுகூட முழுசாப் பாக்கறதில்ல. டிவிச் சத்தத்துல காது கேக்காமப் போயிருமேன்னு அமத்தியே வெச்சிருக்கேன்.

தைல டப்பா அந்தத் திண்டுலயே இருக்குது, பாருங்க. நான் எடுத்து உள்ள வெக்கல. அவரு வெச்ச எடத்துல இருக்கட்டும்.

இன்னொண்ணும் சொல்லீர்றேன். ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னு தெரியல. ஜாபருகிட்டச் சொல்லல, ஒருத்தருகிட்டயும் சொல்லல. அக்காவும் நானும் அதப் பத்திப் பேசறதே இல்ல. அன்னைக்குப் போன வெக்கறப்ப, கடைசியா அக்கா சொன்னா, என்ன இருந்தாலும் உனக்கு ஒரு தொண இருக்குதுடி, நான் ஒத்தையில கெடக்கறேன்னு. மறுபடியும் அழுகற கொரல் வந்துருச்சு. நான் சிரிச்சுட்டே சொன்னேன். போக்கா, உன்னைய மாதிரி நிம்மதியா இருக்கறதுக்கு எனக்கு எப்பக் குடுத்து வெச்சிருக்கோ தெரியலன்னு.

புருசன் செத்துப்போன பொம்பளைகிட்ட.

எல்லாத்தையும் கேட்டிருப்பாரு. சில நேரம், மொதல்ல பேசுனத மட்டும் கேட்டுட்டு, அது வரைக்கும் நிக்காமப் போயிருப்பாருன்னு நெனச்சுக்குவேன். பொகக் கூண்டுன்னு சொன்னதக் கேட்டதோட திரும்பியிருப்பாருன்னு. ஆனா டப்பாவ அப்படி மெதுவா, நேரா வெச்சுட்டுப் போயிருக்காரு தம்பி. அவசரமாப் போன ஆளு அப்படி வெக்க மாட்டாரு. இருந்து, கடைசி வரைக்கும் கேட்டுட்டு, வெச்சுட்டுப் போயிருக்காரு.

உங்க காப்பி ஆறிப்போச்சு. வேற போடட்டுமா? வேண்டாமா. செரி.

எடம் கேட்டு வந்தீங்க. நான் என்னென்னமோ சொல்லிட்டிருக்கேன். உங்களுக்கு இல்லைங்கறதுக்கு மனசு வரலைங்க. வெயிலுல புது வண்டிய நிறுத்துனா வீணாப் போயிரும்னு எனக்கும் தெரியுது. வேற யாராச்சும் கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லீருப்பேன். போர்ட்டிகோவ நான் தெனமும் கூட்டி உடறேன். எண்ணெ சொட்டுன கறை ஒண்ணு அப்படியே இருக்குது. கேட்டையும் சாத்தறதில்ல. நீங்க போறப்பவும் தெறந்தே உட்டுட்டுப் போங்க.

உங்க வண்டிய அங்க நிறுத்துனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அவரு ஒரு நாளைக்கு வருவாரு. சொல்லிட்டு வர மாட்டாரு, அது எனக்குத் தெரியும். தொட்டி முக்குல திரும்பி, மெதுவா வந்து, கேட்டுக்கு வெளியவே நிறுத்திப் பாப்பாரு. அவரு எடத்துல வேற வண்டி நிக்கும். அந்த மனுசன் எறங்கி வந்து யாரு வண்டின்னு கேக்க மாட்டாரு. அப்படியே திருப்பிட்டுப் போயிருவாரு.

அவரு வந்துட்டுப் போனதுகூட எனக்குக் கேக்காதுங்க தம்பி.